தினமும் தேய்த்தும் ரிட்டெய்னர் ஏன் நாறுகிறது?

பிரேஸ் கழற்றி எட்டு மாதம் ஆகிறது, பல் மறுபடி நகராமல் பிடித்து வைக்கும், கண்ணாடி மாதிரி இருக்கும் ரிட்டெய்னரை இரவில் மட்டும் போடுகிறீர்கள், தினமும் காலையில் பேஸ்ட் வைத்து நன்றாகத் தேய்த்து, வெந்நீரில் அலசி, டப்பாவில் போட்டு மூடி வைக்கிறீர்கள். அப்படியும் உள்பக்கம் வெள்ளையாக ஏதோ படிகிறது, பளபளப்பு போய் மங்கிவிட்டது, டப்பாவைத் திறந்தால் வாடை வருகிறது. அதனால் எந்த மாத்திரை வாங்கி ஊறப்போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்களைக் குடைவது வேறு கேள்வி என்று நினைக்கிறேன்: இவ்வளவு சுத்தம் செய்தும் ஏன் அழுக்காகிறது? அதற்கான பதில் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. பேஸ்ட், வெந்நீர், மூடிய டப்பா. இந்த மூன்றையும் மாற்றினால் மாத்திரை தேவைப்படாமலே போகலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பல் லேபில் வேலை. டாக்டர் எடுத்து அனுப்பும் அளவை வைத்துப் பல் வரிசையின் மாதிரி செய்து, அதன்மேல் ரிட்டெய்னர் செய்து அனுப்புவதுதான் பல வருடமாக என் பிழைப்பு. உடைந்து, வளைந்து, நாறிப்போய் திரும்பி வருவதும் என் மேஜைக்குத்தான். அதனால் அந்தப் பிளாஸ்டிக் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைத் தைரியமாகச் சொல்வேன். ஈறு வீக்கம், வாய்ப்புண், பல் கூச்சம் என்று போனால் அது வாயைத் திறந்து பார்க்கிறவர்கள் சொல்ல வேண்டியது, அங்கே நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வெந்நீரிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் மற்றதெல்லாம் மெதுவாகக் கெடுக்கும், இது ஒரே நாளில் கெடுத்துவிடும். உங்கள் ரிட்டெய்னர் செய்யப்பட்ட விதத்தைக் கேளுங்கள். தட்டையான ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை, பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் கனமோ அதற்கும் குறைவோ இருக்கும், சட்டத்தில் மாட்டி மேலே ஹீட்டரை வைப்போம். சூடு ஏற ஏற ஷீட் நடுவில் தொட்டில் மாதிரி தொய்யும். அந்த நேரம் பார்த்து மாதிரியின் மேல் இறக்கினால் கீழேயிருந்து காற்றை உறிஞ்சி இழுக்கும், ஷீட் ஒவ்வொரு பல்லின் இடுக்கிலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் வெட்டி, ஓரத்தை மழித்து அனுப்புகிறோம். அதாவது அது சூட்டில் இழுத்து நீட்டப்பட்டு, அப்படியே உறைந்து நிற்கும் பிளாஸ்டிக். மறுபடி சூடு காட்டினால் பழைய தட்டை வடிவத்தை நோக்கித்தான் திரும்பப் பார்க்கும். இதற்கு அதிகம் பயன்படும் பிளாஸ்டிக் வகை ஒன்று 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும். லேசாகக் கோணிக்கொள்வதற்கு அவ்வளவுகூட வேண்டாம். கொதித்து இறக்கிய தண்ணீர் அதைத் தாண்டிய சூடு. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போவதும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவதும் இதே கதைதான்.

ஒருமுறை ஒரு ரிட்டெய்னர் திரும்பி வந்தது, கூடவே “பல் நகர்ந்துவிட்டது, பொருந்தவில்லை” என்று ஒரு சீட்டு. எங்களிடம் அவருடைய பழைய மாதிரி பத்திரமாக இருந்தது. எடுத்து அதன்மேல் ரிட்டெய்னரை வைத்துப் பார்த்தேன். முன்பற்களில் சரியாக உட்கார்ந்தது, கடைவாய்ப் பக்கம் இரண்டு பக்கமும் உள்ளே மடங்கிக்கொண்டு ஏறி நின்றது. மாதிரியில் இருக்கும் பல் நகராது இல்லையா? அப்போது நகர்ந்தது பல் இல்லை, ரிட்டெய்னர். விசாரித்தால், சளி பிடித்திருந்தபோது கிருமி சாகட்டும் என்று வெந்நீரில் போட்டிருக்கிறார். ஒரே தடவைதான். நீங்கள் எட்டு மாதமாக ஊற்றியும் பொருந்துகிறதென்றால் உங்கள் வெந்நீர் உண்மையில் வெதுவெதுப்புதான் போலிருக்கிறது, தப்பித்தீர்கள். இனிமேல் குழாய்த் தண்ணீர் போதும்.

அடுத்து பேஸ்ட். பேஸ்டில் பல்லின் கறையைத் தேய்த்து எடுப்பதற்காகவே சிலிக்கா, கால்சியம் கார்பனேட் மாதிரி பொடி கலந்திருக்கும். பல்லின் எனாமல் அதைத் தாங்கும். ரிட்டெய்னர் பிளாஸ்டிக் எனாமலுக்குப் பக்கத்தில்கூட வராது, அவ்வளவு மெத்து. பேஸ்ட் போட்டுத் தேய்த்துக்கொண்டே வந்த ஒன்றை லென்ஸின் கீழே வைத்தால், கம்பி நாரால் தேய்த்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி கோடு கோடாகத் தெரியும். நீங்கள் சொல்லும் மங்கலில் பெரும்பங்கு அழுக்கு இல்லை, இந்தக் கீறல்தான் என்பது என் ஊகம். நேரில் பார்க்காமல் அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன். கீறல் விழுந்த இடம் வழவழப்பான இடத்தைவிடக் கிருமிக்கு வசதி, பிரஷின் முடி போகாத பள்ளத்தில் அது சுகமாக உட்கார்ந்துகொள்ளும். மங்குகிறதே என்று இன்னும் அழுத்தித் தேய்ப்போம், இன்னும் கீறும். பல்லை வெண்மையாக்கும் என்று விற்கும் பேஸ்ட்கள் இதில் இன்னும் மோசம். பொடி குறைந்த பேஸ்ட் என்றால் பரவாயில்லை என்று சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள், அதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோப்பு அதே வேலையைக் கீறாமல் செய்யும்போது எதற்கு வம்பு?

சரி, ரிட்டெய்னரில் படிவது என்ன என்று பார்த்தால் எப்படி எடுப்பது என்பது தானாகப் புரியும். வாய்க்குள் எது போனாலும் சில நிமிடத்தில் எச்சிலில் இருக்கும் புரதம் அதன்மேல் மெல்லிய தோல் போலப் படியும். அதில் பாக்டீரியா வந்து ஒட்டும், சில மணி நேரத்தில் பெருகும், தன்னைச் சுற்றிப் பசை மாதிரி ஒன்றைச் சுரந்துகொண்டு படலமாகிவிடும். காலையில் கழற்றும்போது விரலில் வழுக்குகிறதே, அதுதான். தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் இரவில் போடும் ரிட்டெய்னரில் இது இன்னும் தோது. வாடையும் இங்கிருந்துதான்: காற்றுப் படாத இடத்தில் வாழும் பாக்டீரியா வெளியிடும் கந்தக வாயுக்கள். இந்தப் படலத்தை அப்படியே விட்டால் எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் ஊறி இறுகும். பல்லில் காரை கட்டுகிறதே, அதே காரைதான் உங்கள் வெள்ளைப் படிவு. கீழ் ரிட்டெய்னரில் முன்பற்களின் பின்பக்கமும், மேல் ரிட்டெய்னரில் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கமும்தான் முதலில் வெளுக்கும், எச்சில் சுரப்பிகளின் வாய் திறப்பது அந்த இடங்களுக்கு நேரே என்பதால். உங்களுடையதைக் கண்ணாடி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், அநேகமாக அங்கேதான் இருக்கும்.

ஆக, வழுவழுப்பான படலம் ஒன்று, இறுகிப்போன காரை ஒன்று. முதலாவது தேய்த்தால் போகும், இரண்டாவது தேய்த்தால் போகாது. முதலாவதை நேரத்தில் எடுத்துவிட்டால் இரண்டாவது வரவே வராது. இதனால்தான் நான் கேட்பவர்களிடம் எல்லாம் சொல்வது: ரிட்டெய்னர் சுத்தத்தில் முக்கால்வாசி, கழற்றிய முதல் நிமிடத்தில் இருக்கிறது. காலையில் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ஃபோன் பார்த்து, பல் தேய்த்து, குளித்துவிட்டு வந்து கழுவினால் அதற்குள் படலம் காய்ந்து ஒட்டியிருக்கும். ஈரமாக இருக்கும்போது விரலாலேயே வழித்து எடுக்கக்கூடியது, காய்ந்த பிறகு பிரஷுக்குக்கூட மசியாது. சோற்றுப் பானையைக் காயவிட்டுக் கழுவிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கழற்றியதும் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். மெத்தென்ற முடி உள்ள ஒரு பிரஷை இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பல் தேய்க்கும் பிரஷில் பேஸ்ட் மிச்சம் ஒட்டியிருக்கும். மணமில்லாத, நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவமோ கை கழுவும் திரவ சோப்போ ஒரு சொட்டு. வாசனை போட்டதைத் தவிர்க்கச் சொல்வது பிளாஸ்டிக்குக்காக இல்லை, இரவெல்லாம் உங்கள் நாக்கில் சோப்பு வாசனை அடிக்கும். வெளிப்பக்கம் சுலபம், எல்லாரும் அதைத்தான் தேய்ப்பார்கள். பல் உட்காரும் குழிதான் முக்கியம். அதிலும் கடைசிக் கடைவாய்ப் பல்லின் குழிக்குள் சாதாரண பிரஷின் தலை நுழையாது. முனையில் மட்டும் முடி உள்ள சின்ன பிரஷோ, காது குடையும் பஞ்சுக் குச்சியோ சோப்பில் தோய்த்துச் சுழற்றுங்கள். பிடிக்கும்போது இரண்டு கடைசிப் பக்கத்தையும் சேர்த்து அழுத்திப் பிடிக்காதீர்கள், நடுவில் விரிசல் விடும். தேய்க்கிற பக்கத்தையே பிடித்துக்கொண்டு தேயுங்கள். முடிந்ததா என்று பார்க்கக் கண் வேண்டாம், கட்டைவிரலை உள்ளே விட்டுத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் இருக்கிறது, கீச்சென்று பிடித்தால் போய்விட்டது. ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை.

ஏற்கெனவே இறுகிவிட்ட வெள்ளைக்கு அமிலம்தான் வழி, ஏனென்றால் காரை என்பது கால்சியம் பாஸ்பேட், அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு, ரிட்டெய்னர் முங்குகிற அளவு, 15 முதல் 20 நிமிடம். பிறகு பிரஷால் தேய்த்து நன்றாக அலசுங்கள். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று நாள் விட்டுத் திரும்பச் செய்யுங்கள். போன பிறகு வாரத்துக்கு ஒருமுறை போதும், படியவே இல்லையென்றால் அதுவும் வேண்டாம். இரவு முழுக்க ஊறப்போட்டால் சீக்கிரம் போகுமே என்று தோன்றும், அதில் லாபம் இல்லை, வாடைதான் ஏறும். தடியாகக் கட்டிவிட்ட காரை இதற்கெல்லாம் அசையாது. அதை ஊசி, பிளேடு, சேஃப்டி பின் வைத்துச் சுரண்டும் வேலை மட்டும் வேண்டாம். கிளினிக்கில் கொடுத்தால் சுத்தம் செய்து தருவார்கள்.

வினிகரும் சமையல் சோடாவும் கலந்து ஊறப்போடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. நுரை பொங்குவது பார்க்க அழகுதான். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கரியமில வாயு போனபின் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத்தண்ணீர். காரையைக் கரைக்க வேண்டிய அமிலம் அந்த நுரையிலேயே செலவாகிவிட்டது. சோடாவை மட்டும் தனியாகத் தண்ணீரில் கரைத்து ஊறப்போட்டால் வாடைக்கு ஓரளவு கேட்கும், அது வேறு.

இப்போது நீங்கள் கேட்ட மாத்திரை. பல் செட் ஊறவைக்கும் மாத்திரை, ரிட்டெய்னர் மாத்திரை என்று தனித்தனியாக விற்றாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே குடும்பம்: நுரைக்கு சோடாவும் சிட்ரிக் அமிலமும், வெளுக்கவும் கிருமியைக் கொல்லவும் ஆக்சிஜன் வெளியிடும் ஒரு ரசாயனம், கொஞ்சம் சோப்பு. வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. கறையும் வாடையும் குறையும், கிருமியும் குறையும். ஆனால் தேய்க்காமல் ஊறப்போட்டால் மட்டும் போதும் என்பது உண்மை இல்லை. படலத்தின் மேல்பக்கம்தான் அடிவாங்கும், அடியில் இருப்பது தப்பித்து மறுபடி பெருகும். எனவே தேய்த்த பிறகு ஊறப்போடுவது சரி, தேய்ப்பதற்குப் பதிலாக ஊறப்போடுவது சரியில்லை. உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் விடவேண்டாம். இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது: சில மாத்திரைகளில் பெர்சல்ஃபேட் என்ற பொருள் இருக்கும், அது சிலருக்கு ஒவ்வாமை தரும். 2008இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அதற்கான எச்சரிக்கையை உறையில் போடும்படி தயாரிப்பாளர்களைக் கேட்டது. முதல் தடவையிலும் வரலாம், வருடக்கணக்காகப் பயன்படுத்திய பிறகும் வரலாம். ஈறு எரிச்சல், தடிப்பு, உதடு வீக்கம் என்று ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், மூச்சு வாங்கினால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொப்பளிக்கவே கூடாது, ரிட்டெய்னரை நன்றாக அலசாமல் வாயில் போடவும் கூடாது.

எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூடு கெடுக்கும், பேஸ்ட் கீறும், தேய்ப்பது படலத்தை எடுக்கும், இதில் சந்தேகம் இல்லை. ஆனால் எந்தத் திரவம் எதைவிடச் சிறந்தது, வாரத்துக்கு எத்தனை நாள் என்று வந்தால் கறாராகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ரிட்டெய்னரை உண்மையில் மாட்டியிருப்பவர்களிடம் நடந்த நல்ல சோதனைகள் கொஞ்சம்தான். நாம் சொல்லும் அறிவுரையில் பாதி முழு பல் செட்டுக்கு நடந்த ஆராய்ச்சியிலிருந்து இரவல் வாங்கியது. அந்த பல் செட் வழிகாட்டுதல்களில் முக்கியமான ஒன்று 2011இல் அமெரிக்கப் பல்செட் நிபுணர்கள் அமைப்பு வெளியிட்டது. அதிலும் தினமும் தேய், ஊறவை, கொதிக்கும் தண்ணீர் கூடவே கூடாது, துணி வெளுக்கும் ப்ளீச்சில் 10 நிமிடத்துக்கு மேல் வைக்காதே என்றுதான் இருக்கிறது. ப்ளீச் விஷயத்தில் என் கருத்து இன்னும் கடுமை: வீட்டில் அந்தப் பக்கமே போகாதீர்கள். ரிட்டெய்னரில் கம்பி இருந்தால் அதை அரிக்கும், அளவு தப்பினால் நிறம் போகும், வினிகர் ஊற்றிய அதே கிண்ணத்தில் தெரியாமல் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், அது விளையாட்டு இல்லை. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷிலும் ஊறப்போட வேண்டாம். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கிருமியைக் கொல்லும், ஆனால் தொடர்ந்து பயன்படுத்தினால் பழுப்புக் கறை விடும், டாக்டர் சொன்னால் சொன்ன நாள் வரைக்கும் மட்டும்.

அல்ட்ராசோனிக் மெஷின் வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். உண்மையான அல்ட்ராசோனிக் தண்ணீரில் நுண்ணிய குமிழிகளை உண்டாக்கி உடைக்கும், அது இடுக்கில் இருப்பதைத் தளர்த்தும், நாங்கள் லேபில் வைத்திருக்கிறோம். விலை குறைந்த சிலது வெறுமனே அதிர்ந்துகொண்டு நிற்கும். வைத்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. புற ஊதா விளக்கு வைத்த டப்பா எனக்குப் பிடிக்காது: ஒளி நேராகப் படும் இடத்தில் கிருமி சாகலாம், ஆனால் செத்த கிருமியும் படலமும் அங்கேயேதான் இருக்கும்.

அப்புறம் அந்த டப்பா. எல்லாரும் ரிட்டெய்னரைத் தேய்ப்பார்கள், டப்பாவை யாரும் கழுவுவதில்லை. பழுது பார்க்க வரும் டப்பாவைத் திறக்கும்போது நான் முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டுதான் திறப்பேன், அனுபவம். ஈரத்தோடு போட்டுக் காற்றுப் புகாமல் மூடினால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நீங்கள் பளிச்சென்று கழுவி வைத்ததையே அது மறுபடி அழுக்காக்கும். டப்பாவையும் சோப்பு போட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவிக் காயவிடுங்கள். ஓட்டை உள்ள டப்பா என்றால் நல்லது, இல்லையென்றால் மூடியைத் திறந்து வையுங்கள். உங்களுடைய வகையை உதறிக் காயவைத்துப் போடலாம். அக்ரிலிக் தட்டும் கம்பியும் உள்ள வகையைத் தண்ணீரில் வைப்பதா உலர்வாக வைப்பதா என்பதில் டாக்டர்களே இரண்டு கட்சி. அக்ரிலிக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும், காய்ந்தால் மிகச் சிறிதாக அளவு மாறும் என்பது உண்மை. அது பொருத்தத்தைக் கெடுக்கும் அளவா என்பதில்தான் தகராறு. உங்களுக்குக் கொடுத்தவர் சொன்னபடி செய்யுங்கள். தண்ணீரில் வைத்தால் தினமும் தண்ணீரை மாற்றவேண்டும், அவ்வளவுதான். டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைக்காதீர்கள், குப்பைக்குப் போய்விடும். நாய் வளர்த்தால் கைக்கு எட்டும் உயரம் போதாது, வாய்க்கு எட்டாத உயரம் வேண்டும். எச்சில் வாசனைக்கு அது தேடி வந்து கடிக்கும். பல் பதிந்த ரிட்டெய்னர்கள் வந்திருக்கின்றன, அது யாருடைய பல் என்று கேட்க வேண்டியதில்லை.

ரிட்டெய்னர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பல் தேய்க்காமல் அதை மாட்டினால் அழுக்கை மூடி வைத்த மாதிரிதான். இரவு பல் தேய்த்த பிறகுதான் மாட்ட வேண்டும், மாட்டிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். இனிப்பான பானம் உள்ளே புகுந்தால் பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் தேங்கி நிற்கும், எச்சில் வந்து கழுவ முடியாது, பல் சொத்தையாவதற்கு அது போதும். கீழ்ப் பல்லின் பின்னால் கம்பி ஒட்டியிருப்பவர்களுக்கு ஊறப்போடும் பேச்சே இல்லை. கம்பியின் அடியில் நூல் கோத்து இழுப்பதும் இடுக்கு பிரஷும்தான், காரை கட்டினால் கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும்.

உங்களுடையதை இப்போது என்ன செய்யலாம் என்றால், பத்து நாள் சோப்பு, இரண்டு மூன்று தடவை வினிகர், டப்பாவைக் கழுவிக் காயவைப்பது, இதைச் செய்து பாருங்கள். வெள்ளையும் வாடையும் போய்விடும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். கீறலால் வந்த மங்கல் போகாது, அது அழகுக்குறைவுதான், போடுவதற்குத் தடை இல்லை. ஆனால் அழுக்காக இருக்கிறதே என்று நாலு நாள் போடாமல் இருந்துவிடாதீர்கள். ஈறுக்குள் பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம்போல ஆகும், எட்டு மாதத்தில் பல் இன்னும் பழைய இடத்துக்குப் போகப் பார்க்கும். சுத்தம் செய்தும் வாடை போகவில்லை, அல்லது மேல்வாயில் சிவந்து எரிகிறது, வழித்தால் வரும் வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றால் அது பூஞ்சையாக இருக்கலாம். அப்போது வாய்க்கும் ரிட்டெய்னருக்கும் சேர்த்து மருத்துவம் செய்ய வேண்டும், டாக்டரிடம் போங்கள். விரிசல் விட்டிருந்தாலோ மாட்டும்போது ஒரு பக்கம் எம்பி நின்றாலோ போகும்போது ரிட்டெய்னரையும் எடுத்துப் போய், உங்கள் பல் வரிசையின் பழைய மாதிரி லேபில் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இருந்து, பல்லும் நகராமல் இருந்தால் மறுபடி அளவு எடுக்காமலே புதிதாக ஒன்று செய்துவிடலாம்.